அழாத செல்லோ

ஒரு கலைப்படைப்பின் மேல் “இது இன்ன ஜாதியாரின் பாரம்பரியத்தில் பிறந்தது” என்று சீட்டு ஒட்டி விற்றால், எனக்கு உடனே கொஞ்சம் சந்தேகம் வந்துவிடும். கதை எழுதுகிறவனுக்கு இந்தச் சந்தேகம் இயல்பு. கொங்கு நாட்டுக் கதை என்று சொல்லிக்கொண்டு, வரிக்கு வரி ‘ஏனுங்க’, ‘வாங்க’, ‘போங்க’ என்று தூவி, நடுவில் ஒரு கம்பங்கூழ்ச் சட்டியையும் வைத்துவிட்டு, ஆத்மா மட்டும் இல்லாத கதைகள் எத்தனையோ வந்திருக்கின்றன. சங்கீதத்திலும் அப்படித்தான். தாளத்தைச் சற்று மாற்றி, ஒரு குழலை ஊதி, ‘கிராமிய மணம்’ என்று விளம்பரம் செய்துவிடுகிறார்கள். வாசனை சீசாவிலிருந்து வருகிறதா, பூவிலிருந்து வருகிறதா என்று கண்டுபிடிப்பது ரசிகன் பாடு.

இந்தச் சந்தேகத்தோடேயே நான் கேட்டு, சந்தேகம் தீர்ந்து, பிறகு வேறு சில கேள்விகளில் மாட்டிக்கொண்ட ஓர் இசைத்தட்டைப் பற்றித்தான் இப்போது எழுதுகிறேன். எர்னஸ்ட் பிளாக் என்பவர் இயற்றிய ‘ஷெலொமோ’ என்ற படைப்பு. செல்லோ வாத்தியத்துக்கும் பெரிய ஆர்க்கெஸ்ட்ராவுக்குமாக எழுதப்பட்டது. ‘ஷெலொமோ’ என்பது வேறு யாருமில்லை. நாம் சாலமோன் என்று சொல்லும் ராஜாதான். செல்லோ வாசிப்பவர் யானோஸ் ஸ்டார்க்கர். வாசிப்பது இஸ்ரேல் பில்ஹார்மானிக் ஆர்க்கெஸ்ட்ரா. நடத்துகிறவர் நம் பம்பாயில் பிறந்த பார்ஸிக்காரர் ஜூபின் மேத்தா. 1960-களின் முடிவை ஒட்டி டெக்கா கம்பெனி இதை வெளியிட்டது. அன்று இதைக் கேட்கக் கிராமபோனும் கையில் காசும் வேண்டும். இன்று அனுப்பர்பாளையத்தில் ஒரு பாத்திரப் பட்டறைத் திண்ணையில் உட்கார்ந்து கைபேசியிலேயே கேட்டுவிடலாம். கேட்க மனசு மட்டும் அன்றும் இன்றும் தனியாக வேண்டியிருக்கிறது.

முதலில் பிளாக்கைப் பற்றி. அவர் 1880-இல் ஜெனீவாவில் பிறந்த யூதர். தகப்பனார் கடிகார வியாபாரி. வயலினும் இசை இயற்றலும் படித்துவிட்டு ஊர் திரும்பிய பிள்ளை, ஒரு புறம் கடைக் கணக்கு எழுதிக்கொண்டு மறுபுறம் ஓபரா எழுதியிருக்கிறார். கணக்குப் பேரேட்டுக்கும் காவியத்துக்கும் நடுவில் காலம் தள்ளுவது எப்படி என்று திருப்பூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1912-லிருந்து 1916 வரை, யூத வாழ்வையும் வேதத்தையும் பொருளாகக் கொண்ட படைப்புக்கள் சிலவற்றை அவர் வரிசையாக எழுதினார். அந்த வரிசையின் முடிமணி ‘ஷெலொமோ’.

அது பிறந்த கதையே ஒரு சிறுகதைக்கு ஆகும். பைபிளில் ‘பிரசங்கி’ என்று ஒரு பகுதி உண்டு. எல்லாவற்றையும் ஆண்டு, அனுபவித்து, கட்டி, குவித்து, கடைசியில் எல்லாம் வீண் என்று ஒரு ராஜா சொல்லும் பகுதி. நம் பக்கத்தில் பட்டினத்தார் சொன்னதும், குறளில் நிலையாமை அதிகாரம் சொல்வதும் அடிப்படையில் இதுதான். அந்த ராஜா சாலமோனே என்பது பரம்பரை நம்பிக்கை. பிளாக் அந்த வார்த்தைகளுக்கு இசை அமைத்து ஒரு பாடகர் பாட வேண்டும் என்றுதான் முதலில் நினைத்தார். ஆனால் எந்த பாஷையில் பாடுவது? பிரெஞ்சு, ஜெர்மன், இங்கிலீஷ் ஒன்றும் அந்த வார்த்தைகளின் கனத்துக்குப் பொருந்தவில்லை. ஹீப்ருவிலோ, அவருக்குப் போதிய பயிற்சி கிடையாது. காகிதங்கள் சும்மா கிடந்தன. அப்போது பார்ஜான்ஸ்கி என்ற செல்லோ வித்வானின் பரிச்சயம் ஏற்பட்டது. வார்த்தை இல்லாமல், எல்லா பாஷைகளையும் விட ஆழமாகப் பேசக்கூடிய குரல் ஒன்று அந்த வாத்தியத்திலேயே இருக்கிறது என்று பிளாக்குக்குத் தோன்றியது. சில வாரங்களில் எழுதி முடித்துவிட்டார். 1917 மே 3-ஆம் தேதி நியூயார்க்கின் கார்னகி மண்டபத்தில் ஹான்ஸ் கிண்ட்லர் என்பவர் அதை முதன்முதலாக வாசித்தார்.

இதில் ஒரு விஷயத்தை வாசகர்கள் கவனிக்க வேண்டும். தன் ஜாதியாரின் புராதன பாஷை தனக்குச் சரியாக வராது என்ற குறையே இந்தப் படைப்பைப் பெற்றெடுத்திருக்கிறது. பாரம்பரியத்தைப் பூரணமாகக் கையில் வைத்திருப்பவனை விட, அது கையை விட்டு நழுவிக்கொண்டிருப்பதை உணர்ந்தவன்தான் அதற்காக ஏங்குவான். ஏக்கமில்லாமல் கலை ஏது?

இனிக் கேட்பது எப்படி இருக்கிறது என்று சொல்ல வேண்டும். செல்லோ தனியாக ஆரம்பிக்கிறது. மேலேயிருந்து கீழே இறங்கும் ஒரு பெருமூச்சு. உடனே மறுபடி ஒன்று. முதல் நிமிஷத்திலேயே, இது வேண்டுகோள் அல்ல, புகார் அல்ல, ஒரு முடிவு என்று தெரிந்துவிடுகிறது. பிறகு ஆர்க்கெஸ்ட்ரா மெல்ல மெல்லக் கூடுகிறது. இரண்டு யாழ்கள், மணி போல் ஒலிக்கும் செலஸ்டா, கஞ்சிரா ஜாதியைச் சேர்ந்த ஒரு சிறு வாத்தியம், பெரிய சேகண்டி, பித்தளைக் குழல்கள் எல்லாம் சேர்ந்து சாலமோனின் சபை கண் முன்னால் எழுகிறது. தங்கம், தந்தம், மயில் எல்லாம் வந்துவிட்டன என்று நினைக்கும் நேரத்தில் செல்லோ மறுபடி குறுக்கே வந்து, ‘அதனால் என்ன?’ என்று கேட்கிறது. ஏறத்தாழ இருபது நிமிஷத்துக்குள் இந்த வழக்கு மூன்று தரம் நடக்கிறது. கடைசியில் ஆர்க்கெஸ்ட்ரா வாயடைத்துப் போக, செல்லோ மட்டும் தன் அடி ஸ்தாயிக்கு இறங்கி அங்கேயே அணைந்து போகிறது.

தன் இருண்ட படைப்புக்களில் கூடக் கடைசியில் ஒரு நம்பிக்கை தென்படும் என்றும், இது ஒன்றுதான் முழு மறுப்பில் முடிகிறது என்றும், பொருள் அப்படிக் கேட்டது என்றும் பிளாக் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். இந்தக் கடைசி வாக்கியத்தை நம் எழுத்தாளர்கள் மேஜையின் மேல் எழுதி வைத்துக்கொள்ளலாம். கதையின் முடிவை வாசகரோ பத்திரிகாசிரியரோ தீர்மானிப்பதற்கில்லை, பொருள்தான் தீர்மானிக்கும்.

மயில் என்றதும் ஒரு சின்ன விஷயம் ஞாபகம் வருகிறது. சாலமோனின் கப்பல்கள் கொண்டுவந்த சரக்குகளில் மயிலுக்கு பைபிளில் வழங்கும் ஹீப்ருச் சொல், நம் ‘தோகை’யிலிருந்து போனது என்று கால்டுவெல் முதலானவர்கள் கருதினார்கள். அது மெய்யானால், இந்த ராஜசபையின் பளபளப்பில் நமக்கும் ஒரு இறகளவு பாத்தியதை உண்டு. பக்கத்துக் கொச்சியில் 1568-இல் கட்டிய யூதர் கோயில் இருக்கிறது. பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டினால் எட்டிவிடும் தூரம். யூதர் என்றால் எங்கோ தூர தேசத்து ஜனங்கள் என்று நாம் நினைக்க நியாயமில்லை.

கர்நாடக சங்கீதத்தில் பழகிய காதுக்கு இந்தப் படைப்பில் ஒரு தனிச் சலுகை இருக்கிறது. மாயாமாளவகௌளையில் ரிஷபத்துக்கும் காந்தாரத்துக்கும் நடுவே ஓர் அகன்ற தாவல் உண்டல்லவா? சரளி வரிசை படித்த குழந்தைக்கும் தெரியும். யூதர்களின் ஜெபப் பாட்டுக்களில் முக்கியமான ஒரு சாயலின் உயிர்நிலையும் அந்தத் தாவல்தான். அவர்களுடைய அந்த ஸ்வரக் கோவையை வரிசையாக எழுதினால் நம் வகுளாபரண மேளம் வந்துவிடும். பிளாக் இந்த அகன்ற இடைவெளியை அங்கங்கே ஆண்டிருக்கிறார். அதோடு நிற்கவில்லை. மேல்நாட்டு ஸ்வர எழுத்துக்கு அடங்காத கால் ஸ்வர அசைவுகளையும் செல்லோவுக்கு எழுதியிருக்கிறார். ஸ்டார்க்கர் அந்த இடத்தில் வில்லை இழுக்கும்போது, நம்மவர்கள் கமகம் என்று சொல்வதன் தூரத்துத் தாயாதி ஒருவன் வாசலில் வந்து நிற்பதுபோல் இருக்கிறது. ஆனாலும் இதை ராகம் என்று எண்ணிக் கேட்கக் கூடாது. ராகம் தங்கியிருந்து பேசும். இது ஓரிடத்திலும் தங்காது; நாடோடியின் சங்கீதம்.

என் அபிப்பிராயத்தை மட்டும் சொல்லிக்கொண்டு போவதை விட, சங்கீத சாஸ்திரம் எதுவும் அறியாத ஒருவர் சொன்னதையும் எழுதுவது நியாயம். எங்கள் ஊரில் பட்டறை வைத்திருக்கும் சிநேகிதர் ஒருவரைப் பொறுமையாக உட்கார வைத்து முழுவதும் கேட்கச் செய்தேன். அவர் சொன்னார்: “எழவு வூட்டுல பொம்பளைங்க ஒப்பாரி வெப்பாங்க இல்லீங்களா, அது இல்லீங்க இது. அதே எழவு வூட்டுல பெரியவரு ஒருத்தரு திண்ணையில உக்காந்துக்கிட்டு, யாரு மூஞ்சியையும் பாக்காம பேசுவாருங்க பாருங்க, அதுங்க இது.” எத்தனை விமரிசனம் படித்தாலும் இதற்கு மேல் ஒரு வார்த்தை கிடைக்காது.

அந்தப் பெரியவரின் குரல் ஸ்டார்க்கர் தந்தது. இதே படைப்பை வேறு மகா வித்வான்களும் பதிவு செய்திருக்கிறார்கள். 1950-இல் பிளாக்கே ஆர்க்கெஸ்ட்ராவை நடத்த, ஜாரா நெல்சோவா என்ற அம்மையார் வாசித்தது ஒன்று. 1970-களில் லியனார்ட் பெர்ன்ஸ்டைன் நடத்த, ரொஸ்ட்ரொபோவிச் வாசித்தது இன்னொன்று. ரொஸ்ட்ரொபோவிச்சின் வாசிப்பில் கண்ணீர் வெள்ளமாக ஓடுகிறது. ஒவ்வொரு ஸ்வரமும் மார்பில் அடித்துக்கொண்டு வருகிறது. கேட்கும்போது நாமும் அடித்துக்கொண்டு போகிறோம். கேட்டு முடித்ததும் மனசு லேசாகிவிடுகிறது. குறையும் அதுதான். பிரசங்கியைக் கேட்டுவிட்டு மனசு லேசாகலாமா?

ஸ்டார்க்கர் அழவில்லை. ஸ்வரங்களைச் சுத்தமாக, காய்ந்த மரம்போல் வைத்துக்கொண்டு போகிறார். வில்லின் அழுத்தத்தைக் கூட்டும்போதும் ஒலி உடைவதில்லை. இவர் வாசிப்பு வறட்சி என்று குறை சொன்னவர்கள் உண்டு. அவர்களுக்கு இவருடைய சரித்திரத்தைச் சொல்ல வேண்டும். 1924-இல் புடாபெஸ்டில் பிறந்த யூதர். நாஜிகள் காலத்தில் கட்டாய உழைப்பு முகாமில் அகப்பட்டுத் தப்பியவர். வயலின் வித்வான்களாக இருந்த அவருடைய இரண்டு தமையன்மார்கள் தப்பவில்லை. சாலமோனின் துக்கத்தை நடித்துக் காட்ட வேண்டிய அவசியம் அந்த மனிதருக்கு இல்லை. அதை அவர் ஒரு சாட்சியைப் போலச் சொல்கிறார். கோர்ட்டில் சாட்சி அழுதால் ஜட்ஜ் தண்ணீர் கொடுக்கச் சொல்வார்; அழாமல் நிறுத்தி நிதானமாகச் சொன்னால் எழுதிக்கொள்வார். கதாசிரியர்கள் பழக வேண்டிய பாடமும் இதுதான். ஆசிரியரே அழுது தீர்த்துவிட்டால் வாசகருக்கு அழ என்ன மிச்சம்?

ஆனால் ஒரு கலைஞனின் துன்பத்தைக் காட்டி அவன் கலையை நியாயப்படுத்துவது ஆபத்தான வழி என்பதையும் சொல்லியாக வேண்டும். துன்பப்பட்டவர்கள் எல்லாரும் நன்றாக வாசித்துவிடுவதில்லை. ஸ்டார்க்கரின் சரித்திரம் ஒன்றும் தெரியாமல் கேட்டாலும் அந்த நிதானம் காதில் விழும். என் பட்டறைச் சிநேகிதருக்கு அந்தச் சரித்திரம் தெரியாது; அவருக்குக் கேட்டதே!

ஜூபின் மேத்தாவைப் பற்றி இரண்டு விதமாகவும் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆர்க்கெஸ்ட்ராவை அவர் அபாரமாகக் கட்டி எழுப்புகிறார். பித்தளை வாத்தியங்கள் எழும்பும் இடங்கள் இரண்டும் மயிர்க்கூச்செறிய வைக்கும். ஆனால் பித்தளை விஷயத்தில் அனுப்பர்பாளையத்துக் காதை ஏமாற்ற முடியாது. தலைமுறை தலைமுறையாகச் சுத்தியல் சத்தத்திலேயே விடிந்து, சுத்தியல் சத்தத்திலேயே அடங்கிய ஊர் இது. குடத்தைத் தட்டிப் பார்த்து, தகடு எங்கே மெலிந்திருக்கிறது, எங்கே தடித்திருக்கிறது என்று சொல்லிவிடுவார்கள். இந்தத் தட்டில் பித்தளை அளவுக்கு மீறிப் பாலீஷ் போட்டதாக எனக்குப் படுகிறது. சாலமோனின் சபை பளபளக்கத்தான் வேண்டும். ஆனால் பளபளப்புக்கு அடியில், இது நிற்காது என்ற நடுக்கமும் வேண்டும். மேத்தாவின் சபையில் நடுக்கம் இல்லை. வெற்றி முழக்கம் இருக்கிறது. முப்பது வயது சற்றே தாண்டிய இளைஞரின் உற்சாகம் அது. செல்லோ சொல்வதை ஆர்க்கெஸ்ட்ரா நம்பவில்லையோ என்று ஒரு கணம் தோன்றுகிறது. இன்னொரு கணம் யோசித்தால், நம்பாத உலகத்தின் நடுவில்தானே பிரசங்கி பேசினான் என்றும் தோன்றுகிறது. குறையா, பொருத்தமா என்பதை வாசகர்கள் கேட்டுத் தீர்மானிக்கட்டும்.

பார்ஸிக்காரர் ஒருவருக்கு யூத சங்கீதத்தில் என்ன உரிமை என்று சிலர் கேட்கக்கூடும். இந்தக் கேள்விக்கு 1936-ஆம் வருஷம் விசித்திரமான ஒரு பதில் வைத்திருக்கிறது. அந்த வருஷம் ஏப்ரலில் மேத்தா பம்பாயில் பிறந்தார். அதே வருஷம் டிசம்பரில், ஐரோப்பாவில் வேலை இழந்த யூத வித்வான்களைத் திரட்டி ஹூபர்மன் என்ற வயலின் மேதை டெல் அவீவில் தொடங்கிய ஆர்க்கெஸ்ட்ரா முதல் கச்சேரி நடத்தியது. டோஸ்கனினி வந்து நடத்திக் கொடுத்தார். பிற்காலத்தில் இஸ்ரேல் பில்ஹார்மானிக் என்று பெயர் பெற்றது அதுதான். அதே 1936-இல்தான் நம் வானொலிக்கு ‘ஆல் இந்தியா ரேடியோ’ என்ற பெயர் வந்தது.

வானொலிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்றால், இருக்கிறது. வானொலி நிலையம் திறக்கும்போது தம்புராச் சுருதியின் மேல் வயலின் எழுந்து ஒலிக்கும் அந்தச் சின்ன மெட்டை நம்மில் கேளாதவர் யார்? சிவரஞ்சனியைத் தழுவியது என்பார்கள். அதை இயற்றியவராகச் சொல்லப்படும் வால்டர் காப்மன், கார்ல்ஸ்பாட் நகரத்து யூதர். 1934-இல் ஹிட்லரின் நிழலுக்குத் தப்பிப் பம்பாய் வந்தவர். 1937-லிருந்து 1946 வரை அங்கே வானொலியில் மேல்நாட்டு இசைப் பகுதியைக் கவனித்தார். அவர் நிறுவிய இசைச் சங்கத்தில் வயலின் வாசித்தவர் மெஹ்லி மேத்தா, ஜூபினின் தகப்பனார். ஆக, யூத அகதி ஒருவரின் சங்கீதம் பார்ஸி வீடு ஒன்றில் நடமாடி, அந்த வீட்டுப் பிள்ளை யூதர்களின் ஆர்க்கெஸ்ட்ராவை நடத்தப் போனான். உரிமை என்பது ரத்தத்தில் மட்டும் வருவதில்லை, பழக்கத்திலும் வருகிறது.

காப்மன் பிறகு அமெரிக்கா போய், 1957-லிருந்து இந்தியானா சர்வகலாசாலையில் போதித்தார். அடுத்த வருஷம் அதே இடத்தில் ஆசிரியராக வந்து சேர்ந்தவர், நம் ஸ்டார்க்கர்! தென்னிந்திய ராகங்களைப் பற்றி 1976-இல் பெரிய புஸ்தகம் ஒன்றை எழுதிவிட்டு, 1984-இல் காப்மன் காலமானார். கோடிக்கணக்கான பேர் அவருடைய மெட்டைக் கேட்டு எழுந்தார்கள். அவருடைய மற்ற படைப்புக்களோ நெடுங்காலம் பெட்டியில் கிடந்தன. டொரண்டோவின் ஏ.ஆர்.ஸி. குழு சிலவற்றை வாசித்து, 2020-இல்தான் ஓர் இசைத்தட்டு வந்தது. பிரசங்கி இதைக் கேட்டால் ஆச்சரியப்பட மாட்டான்.

தட்டின் மறுபக்கத்தில் பிளாக்கின் ‘வனாந்தரத்துக் குரல்’ இருக்கிறது. இதுவும் 1936-இல் எழுதி முடித்ததுதான். ஆறு பகுதிகள். ஒவ்வொன்றிலும் ஆர்க்கெஸ்ட்ரா முதலில் ஒன்றைச் சொல்லும். செல்லோ பின்னால் அதை நினைத்துப் பார்க்கும். பாடகர் பாடி முடித்ததும் பக்கவாத்திய வயலின் அதைத் திருப்பிச் சொல்லிப் பார்ப்பது போன்ற ஏற்பாடு. நமக்கு எளிதில் பிடித்துவிடும். ஆனால் ஷெலொமோவின் பக்கத்தில் வைத்தால் இது மாற்றுக் குறைந்தது. கேள்வி மறைந்து தியானம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. இருந்தும் ஸ்டார்க்கரும் மேத்தாவும் ஒத்துப் போவது இந்தப் பக்கத்தில்தான் அதிகம்.

இனி, ஆரம்பத்தில் சொன்ன சீட்டுக்கு வருகிறேன். தான் பழம்பொருள் ஆராய்ச்சி செய்யவில்லை, யூதர்களின் பழைய மெட்டுக்களைத் திரட்டிக் கட்டவில்லை என்று பிளாக் தெளிவாகச் சொல்லியிருக்கிறார். ஷெலொமோ முழுவதிலும் பரம்பரையாக வந்த மெட்டு என்று சொல்லத்தக்கது, நடுப்பகுதியில் வரும் ஒன்றுதான். அவர் தகப்பனார் வீட்டில் பாடக் கேட்டது. மற்றதெல்லாம் அவருடைய சொந்தச் சரக்கு. யூத சங்கீதம் என்றால் இதுதான் என்று உலகம் இன்று நினைப்பதில் பாதி, பிளாக் கற்பனை செய்து கொடுத்ததோ என்று கூடக் கேட்கத் தோன்றும்.

இது மோசடியா? இல்லை. ஆர். ஷண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’ 1942-இல் வந்தபோது, கொங்கு மண் நாவலில் ஏறிவிட்டது என்றார்கள். அவர் பேச்சு வழக்கைப் பதிவு செய்ததனால் மட்டும் அது ஏறவில்லை. நிலத்தில் பங்கு கேட்கும் ஒரு பெண்ணின் பிடிவாதத்தை அந்த மண்ணிலிருந்து பிடுங்கிப் பார்க்க முடியாதபடி அவர் எழுதினார். அதனால் ஏறியது. பாரம்பரியம் என்பது பரணில் இருக்கும் பாத்திரம் அல்ல, எடுத்துத் துடைத்து வைத்துக்கொள்ள. பழைய பித்தளையை உருக்கித்தான் புதிய பாத்திரம் வார்க்கிறார்கள். உருக்கும்போது பழைய உருவம் போய்விடும், உலோகம் போகாது. பிளாக் உருக்கினார். ஒரே ஒரு மெட்டைத் தகப்பனார் ஞாபகமாக உருக்காமல் வைத்துக்கொண்டார். அந்த விகிதம் எனக்குச் சரியாகப் படுகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இஸ்ரேல் என்ற பெயரைக் கேட்டதும் இன்று கோபமும் துக்கமும் கொள்கிறவர்கள் பலர். அதற்குக் காரணங்கள் இருக்கின்றன. ஆனால் ஷெலொமோ எழுதப்பட்டபோது அப்படி ஒரு ராஜ்யம் கிடையாது. ஒரு ஜனத்தின் பழைய துக்கம் வேறு. ஓர் அரசாங்கத்தின் இன்றைய செய்கை வேறு. மேலும், இந்தப் படைப்பு யார் வெற்றியையும் பாடவில்லை. அதிகாரத்தின் உச்சியில் இருந்த ஒரு யூத ராஜா, அதிகாரம் வீண் என்று சொல்வதே இதன் பொருள். எந்த அரசாங்கமும், எந்த ஊரில் இருந்தாலும், கேட்டுக்கொள்ள வேண்டிய விஷயம்.

வாங்கிக் கேட்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: அவசியம் கேட்கலாம். முதல் முறை ஒன்றும் பிடிபடாவிட்டால் விட்டுவிட வேண்டாம். ஆர்க்கெஸ்ட்ராவின் ஆரவாரத்தைப் பொருட்படுத்தாமல் செல்லோவை மட்டும் பின்தொடர்ந்து போனால் போதும். அந்தப் பெரியவர் கடைசி வரை ஒரு முறை கூடக் குரலை உடைக்காமல் பேசி முடிப்பதைக் கேட்கலாம். நல்ல இரவு நேரமாக, பட்டறைகள் ஓய்ந்த பிறகு கேட்பது உத்தமம்.